இழுக்கிற வண்டியா, ராணி ஏறுகிற வண்டியா?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

கோட்டக்குப்பத்துல இருந்து பேசுறேன். பின்னாடி குரைக்கிற சத்தம் கேட்டா ஹெட்செட்டைத் தட்டாதீங்க, அது நம்ம குட்டன். எடிட்ல அவனை எடுக்கவே முடியறதில்ல.

போன சில வாரமா வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "ப்ரோ, ரெண்டு நாய், டென்ட், சர்ஃப் போர்டு எல்லாம் இருக்கு. லாங் ட்ரிப்புக்கு எந்த வண்டி வாங்கலாம்? பின்னாடி டிரெய்லர் மாட்டி இழுக்கிற மாதிரி பெருசா ஒண்ணு சொல்லுங்க." இதே கேள்வியை நான் ஆறு மாசம் எனக்கு நானே கேட்டுக்கிட்டு இருந்தேன். பதில் தப்பாவே வந்துச்சு. ஏன்னா கேள்வியே தப்பு. அந்தக் கதையைத்தான் இன்னைக்கு சொல்லப் போறேன்.

முதல்ல, ஏன் வண்டி? ரயில்ல போகலாமே? போகலாம். ஆனா நாயைக் கூடவே வச்சுக்கணும்னா முதல் வகுப்பு ஏசியில ஒரு முழு கூபேயோ கேபினோ உங்களுக்குக் கிடைக்கணும். இல்லன்னா நாய் கார்டு வேன்ல இருக்கிற நாய்ப்பெட்டியில தனியாப் போகணும். எங்க ராணிக்கு வயசு ஒன்பது, லாப்ரடார், 31 கிலோ. இடுப்பு மூட்டுல தேய்மானம். அவளைத் தனியா ஒரு இரும்புப் பெட்டியில ராத்திரி முழுக்க விட எனக்கு மனசு வரல. குட்டன் நாட்டு நாய், நாலு வயசு, 22 கிலோ. அவன் எதுலயும் ஏறிடுவான், எதுல இருந்தும் குதிச்சிடுவான்.

என் ஸ்ப்ரெட்ஷீட்

சாஃப்ட்வேர்காரன் வேற என்ன பண்ணுவான்? ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். பதினாலு வண்டி. பவர், டார்க், கிரவுண்ட் கிளியரன்ஸ், ஃபோர் வீல் டிரைவ் இருக்கா இல்லையா, எல்லாத்துக்கும் மார்க். மேல வந்ததெல்லாம் பெரிய பெரிய எஸ்யூவி, பிக்கப். அப்பா எட்டிப் பார்த்துட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இதுல ராணிக்கு ஒரு காலம் இருக்காடா?" காலம்னு அவர் சொன்னது ஸ்ப்ரெட்ஷீட் காலத்தை. நான் சிரிச்சிட்டு விட்டுட்டேன்.

போன வருஷம் மே மாசம், வாங்குறதுக்கு முன்னாடி ஓட்டிப் பார்ப்போம்னு ஒரு ஏழு சீட் எஸ்யூவியை வாடகைக்கு எடுத்து ஏற்காடு கிளம்பினோம். நான், அப்பா, தங்கச்சி, ரெண்டு நாய். மூணாவது வரிசை சீட்டை மடக்கி ராணிக்குப் பாய் விரிச்சோம். அவளுக்கும் நடுசீட்டுக்கும் நடுவுல பைகளை நான்தான் கூரை வரைக்கும் அடுக்கினேன். அழகா டெட்ரிஸ் மாதிரி வந்திருந்துச்சு, போட்டோ கூட எடுத்தேன்.

உளுந்தூர்பேட்டை தாண்டி சேலம் ரோடு. வெளியே அனல். முன்னாடி எங்களுக்கு ஏசி சில்லுனு இருந்துச்சு. சின்னசேலம் பக்கம் டீக்கு நிறுத்தி டிக்கியைத் திறந்தா, ராணி எழுந்திருக்கல. நாக்கு முழுசா வெளிய தொங்குது, ஈறு செங்கல் கலர்ல இருக்கு, மூச்சு வாங்குற வேகத்தைப் பார்த்தே தங்கச்சி அழ ஆரம்பிச்சிட்டா. கூரையில இருந்த ஏசி துவாரங்களை நான் அடுக்கின பைகள் மறைச்சிருக்கு. பின்கண்ணாடி வழியா வெயில் நேரா அவ மேல. முன்னாடி 24 டிகிரி காட்டுது. அவ படுத்திருந்த இடத்துல என்ன டிகிரின்னு நான் நினைச்சே பார்க்கல.

டீக்கடை அண்ணன் ஒருத்தர் சொல்லாம கொள்ளாம ஒரு குடத்தோட ஓடி வந்தார். வயிறு, தொடை இடுக்கு, பாதம்னு தண்ணி ஊத்தி, அட்டையால விசிறினோம். பத்து நிமிஷம் கழிச்சுத்தான் தலையைத் தூக்கினா. ஆத்தூர்ல ஒரு கால்நடை மருத்துவர்கிட்ட போய்ச் சேர்ந்தப்ப 40.6. நாய்க்கு சாதாரணமா 38.3-ல இருந்து 39.2 டிகிரி வரைக்கும் இருக்கும். 41 தாண்டினா உறுப்புகள் பாதிக்க ஆரம்பிக்கலாம். "தண்ணி ஊத்திட்டு வந்தீங்களே, அதான் காப்பாத்துச்சு"ன்னார் டாக்டர்.

இதை எழுதி வச்சுக்கங்க: முதல்ல குளிர வை, அப்புறம் கொண்டு போ. ஐஸ் வேண்டாம், சாதாரண தண்ணி போதும், கூடவே காத்து. ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுடாதீங்க, அது சூட்டை உள்ளேயே அடைச்சு வைக்கும். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு முழுக்க வியர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேத்தணும். சுத்தி இருக்கிற காத்தே சூடாவும் புழுக்கமாவும் இருந்தா அந்த வழியும் அடைஞ்சிடும்.

ஏற்காடு போகல. ராத்திரியே திரும்பிட்டோம். மறுநாள் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து முதல் காலமா "ராணி"ன்னு போட்டேன்.

முதல்ல எடை

சரி, உருப்படியான விஷயத்துக்கு வருவோம். வண்டி பார்க்கப் போறதுக்கு முன்னாடி வீட்டுல எடை மெஷினை எடுங்க. எங்க கணக்கு இது: மூணு பேர் 205 கிலோ. ரெண்டு நாய் 53. இருபது லிட்டர் தண்ணி கேன் ரெண்டு, 40. டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு 45. நாய்க்கூண்டு, தீவனம் 32. சர்ஃப் போர்டு ரெண்டு 10. அதைக் கட்டுற ரூஃப் கேரியர் 15. மொத்தம் 400 கிலோ.

வண்டி எவ்வளவு தாங்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வண்டியோட அதிகபட்ச மொத்த எடைன்னு ஒரு எண் இருக்கும். அதுல இருந்து வண்டியோட சொந்த எடையைக் கழிச்சா மிச்சம் வர்றதுதான் நமக்கான இடம். ஆளும் அதுக்குள்ள, நாயும் அதுக்குள்ள, கேரியரும் அதுக்குள்ளதான். ஏழு சீட் வண்டின்னா ஏழு பேர் எடைக்கு வடிவமைச்சிருப்பாங்க, அதனால மூணு பேர் போறப்ப நிறையவே மிச்சம் இருக்கும். "பெரிய வண்டி, அதனால நிறைய தாங்கும்"னு நினைக்கிறதுதான் தப்பு. வண்டி பெருசா இருந்தா அதோட சொந்த எடையும் பெருசு. கூரை எவ்வளவு தாங்கும்னு கையேட்டுல தனி எண் போட்டிருப்பாங்க. அது நாம நினைக்கிறதை விட ரொம்பக் கம்மியா இருக்கும்.

இழுக்கிற கதை

இப்ப டிரெய்லர். எங்க ஊர்ல இழுக்கிற வண்டின்னா அது டிராக்டர்தான். தந்திராயன்குப்பம் பக்கம் காலையில போனீங்கன்னா, ஃபைபர் போட்டை மணல்ல இருந்து டிராக்டர் கட்டி மேல இழுக்கிறதைப் பார்க்கலாம். அங்க டிராக்டர் ஓட்டுற அண்ணன்கிட்ட என் டிரெய்லர் பிளானைச் சொன்னேன். "தம்பி, இழுக்கிறது பெருசில்ல. நிறுத்துறதுதான் பெருசு"ன்னார்.

அவர் சொன்னது அப்படியே இயற்பியல். டிராக்டர் மெதுவாப் போகுது, கியர் ரொம்பத் தாழ்வு, டயர் மணலைப் பிடிக்குது. நீங்க ஹைவேயில 80-ல போறீங்க. 60-ல போறப்ப இருக்கிற இயக்க ஆற்றல் 80-ல 1.78 மடங்கு ஆகுது. பிரேக் இல்லாத டிரெய்லர்னா அந்த முழு ஆற்றலையும் உங்க கார் பிரேக்தான் தின்னணும். டிரெய்லர்ல பின்பக்கம் எடை அதிகமாகி முன்மூக்கு லேசாயிட்டா, அது வால் ஆட்டுற மாதிரி ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் வந்தப்புறம் அடக்குறது கஷ்டம். அதனால கனமான பொருள் எப்பவும் அச்சுக்குக் கொஞ்சம் முன்னாடி, தரையோட ஒட்டி இருக்கணும்.

சட்டத்துலயும் டிரெய்லர்ங்கிறது காரோட வாலு கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி அது தனி வாகனம். அதுக்குத் தனிப் பதிவு, நம்பர் பிளேட், விளக்கு எல்லாம் வேணும். ஊர் வெல்டிங் பட்டறையில ஒரு கொக்கியை பம்பர்ல பத்த வச்சுக்கிற வேலையே வேண்டாம். இழுவை சேஸிலதான் விழணும், பம்பர் அதுக்குச் செஞ்சதில்ல. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாத்தி ஆர்.சி.க்கு முரணா வண்டியை வச்சுக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில சொல்லியிருக்கு. வண்டிக்கு முன்னாடி கிராஷ் கார்டு மாட்டுறதுக்கு 2017 டிசம்பர்லயே மத்திய அரசு தடை போட்டுச்சு. கொக்கி மாட்டியே ஆகணும்னா, அந்த மாடலுக்கு இழுவைத் திறன் எவ்வளவுன்னு தயாரிப்பாளர்கிட்ட, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல, இன்சூரன்ஸ்காரங்ககிட்ட மூணு இடத்துலயும் எழுத்துல வாங்குங்க. நான் புரட்டின பல கையேடுகள்ல அந்த எண்ணே இல்ல. எண் இல்லன்னா எனக்கு அதுக்கு அர்த்தம் "இழுக்காதே"ன்னுதான்.

நாம போற இடங்களையும் யோசிங்க. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்கு 70. அதுல எதிர்ல பஸ் வர்றப்ப டிரெய்லரோட ரிவர்ஸ் எடுக்க முடியுமான்னு உங்களை நீங்களே கேட்டுக்கங்க. என்னால முடியாது.

ஒண்ணை மட்டும் அழுத்திச் சொல்றேன்: டிரெய்லர்ல நாயை ஏத்தவே கூடாது. பிக்கப்போட திறந்த பின்தட்டுலயும் கூடாது. மே மாச இரும்புத் தட்டு தோசைக்கல்லுதான். அவஸ்தைப்படுற மாதிரி விலங்கை வண்டியில கொண்டு போறது, 1960-ம் வருஷ விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-ம் பிரிவுப்படி குற்றமும்கூட.

டேப் எடுத்துட்டுப் போங்க

ஷோரூமுக்கு நாங்க ராணியையும் ஒரு டேப்பையும் கொண்டு போனோம். சேல்ஸ்மேன் தம்பி சன்ரூஃபைத் திறந்து காட்டிக்கிட்டு இருந்தார். அப்பா கீழ உட்கார்ந்து டிக்கி வாசல் உயரத்தை அளந்துக்கிட்டு இருந்தார்.

அளக்க வேண்டியது நாலு. ஒண்ணு, தரையில இருந்து டிக்கி வாசலோட உயரம். இடுப்பு வலி இருக்கிற நாய்க்கு இதுதான் எல்லாமே. வாசல் 65 செ.மீ. உயரம்னு வைங்க. ஒன்றரை மீட்டர் பலகை போட்டா சரிவு 26 டிகிரி, ராணி தயங்கி நின்னுடுவா. ரெண்டு மீட்டர் பலகைன்னா 19 டிகிரி, அவ நடந்தே ஏறிடுவா. வாசல் உயர உயர பலகையும் நீளணும், அந்தப் பலகையை வைக்கவும் இடம் வேணும்.

ரெண்டு, சீட்டை மடக்கினா தரை சமமா வருதா? மூணு, நாய் படுக்கிற இடத்துக்கு ஏசி காத்து வருதா? கையை வச்சு பத்து நிமிஷம் பாருங்க, வெயில்ல நிறுத்திப் பாருங்க. நாலு, கூண்டோ சேணமோ மாட்ட உறுதியான கொக்கி இருக்கா? 50 கி.மீ. வேகத்துல போற கார் பத்துல ஒரு விநாடியில நின்னா, கட்டாம விட்ட 22 கிலோ குட்டன் 300 கிலோவுக்கு மேல விசையோட முன்னாடி வந்து மோதுவான். பெல்ட்டைக் கழுத்துப்பட்டையில மாட்டாதீங்க, நெஞ்சுச் சேணத்துலதான் மாட்டணும். முன்சீட் வேண்டவே வேண்டாம், அங்க ஏர்பேக் இருக்கு.

இப்ப வண்டிகள். யாரும் எனக்குக் காசு கொடுக்கல, அதனால தைரியமாச் சொல்றேன்.

மாருதி ஈகோ: பெட்டி மாதிரி உடம்பு, பக்கக் கதவு நகர்ந்து திறக்கும், விலை கம்மி. ஆனா எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில, பின்னாடிக்குன்னு தனி ஏசி கிடையாது. நம்ம ஊர் மே மாசத்துக்கு நாயோட கஷ்டம்.

ரெனோ டிரைபர்: நம்ம ஒரகடத்துல செய்யறது. நாலு மீட்டருக்குள்ள அடங்கும். மூணாவது வரிசை சீட்டைக் கழட்டி வீட்டுலயே வச்சிட்டுப் போகலாம், அப்ப 625 லிட்டர் இடம். ஒரு லிட்டர் எஞ்சின், 96 என்எம் டார்க். ரெண்டு பேர், ஒரு நாய்னா அருமை. எங்க 400 கிலோவோட கொல்லிமலை ஏறணும்னா முதல் கியர்ல ரொம்ப நேரம் இருக்கணும்.

மாருதி எர்டிகா: மூணாவது வரிசையை மடக்கினா 550 லிட்டர், தரை கிட்டத்தட்ட சமமா வரும். கார் மாதிரித் தாழ்வு. முன்சக்கர இயக்கம். அதனால பின்னாடி நிறைய ஏத்திட்டு மணல்லயோ ஈர மேட்டுலயோ ஏறினா முன்சக்கரம் சுத்தும். கடற்கரை மணலுக்குள்ள விடுற எண்ணம் இருந்தா இது வேண்டாம்.

இன்னோவா கிரிஸ்டா: டீசல், 150 பிஎஸ், ஏணி மாதிரி சேஸி, பின்சக்கர இயக்கம். எடையை ஏத்தி நாள் முழுக்க ஓட்டுறதுக்கு இதுக்கு ஈடு கம்மி. ஆனா மூணாவது வரிசை சீட் ரெண்டு பக்கமும் மேல மடங்கும், அதனால நாய்க்கான அகலம் குறையும். ஹைகிராஸ் வேற மாதிரி: பெட்ரோல், முன்சக்கர இயக்கம், கார் மாதிரி ஒரே கூடா கட்டின உடம்பு.

ஸ்கார்ப்பியோ-என்: பலம் உண்டு, 2.2 லிட்டர் டீசல். மூணாவது வரிசையை மடக்கினாலும் அது கொஞ்சம் இடத்தைப் பிடிச்சுக்கும், வாசலும் உயரம். குட்டனுக்கு ஓகே. ராணிக்கு இல்ல.

இசுசு வி-கிராஸ் மாதிரி பிக்கப்: சர்ஃப் போர்டுக்கு சொர்க்கம். நாய் கேபினுக்குள்ள பின்சீட்லதான் வரணும், அதுவும் உயரம். போர்டை விட நாய்தான் முக்கியம்னா இது உங்க வண்டி இல்ல.

உப்பு

எங்க கரையில இருக்கிறவங்களுக்கு மட்டும் இன்னொரு காலம். இங்க இருந்து மரக்காணம் வரைக்கும் ஒரு பக்கம் கடல், போகப் போக இன்னொரு பக்கம் கழுவேலியும் உப்பளமும். காத்துலயே உப்பு. உள்ளூர்ல பழைய வண்டி வாங்குறீங்கன்னா பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க. எங்க மெக்கானிக் பாய் முதல்ல ஜாக் போட்டுக் கீழதான் படுப்பார். சேஸி வெல்டிங் இணைப்பு, பிரேக் குழாய், அடியில தொங்குற ஸ்டெப்னியோட பிடி, கதவுக்கு அடியில தண்ணி வடியிற ஓட்டை, இந்த நாலையும் டார்ச் அடிச்சுப் பார்ப்பார். புதுசாக் கறுப்புப் பூச்சு அடிச்சிருந்தா ஸ்க்ரூ டிரைவரால தட்டிப் பார்ப்பார். துருவுக்கு மேலேயே பூச்சு அடிச்சா ஈரம் உள்ள மாட்டிக்கும், வெளிய தெரியாம அரிச்சுக்கிட்டே இருக்கும். "மேக்கப் போட்ட வண்டி தம்பி, வேண்டாம்"னு அவர் ரெண்டு வண்டியைத் தள்ளினார். கடற்கரைக்குப் போய்ட்டு வந்தா அடிப்பக்கம் நல்ல தண்ணியில கழுவுங்க. பத்து நிமிஷ வேலை, வண்டிக்கு ஆயுசு கூடும்.

கடைசியில என்ன வாங்கினோம்?

நாலு வருஷம் ஓடின ஒரு எர்டிகா. சேலத்துல இருந்து, உப்புக்காத்து படாத ஊர்ல இருந்து. என் பழைய ஸ்ப்ரெட்ஷீட்ல அது பதினொண்ணாவது இடத்துல இருந்துச்சு. மிச்சமான காசுல உள்ளூர் ஆசாரி ஒருத்தர் ரெண்டு மீட்டர் மடக்குப் பலகை செஞ்சு, மேல ரப்பர் பாய் ஒட்டிக் கொடுத்தார். பைகளை இப்ப சீட் உயரத்துக்கு மேல அடுக்குறதில்ல. ராணி படுக்கிற இடத்துல முந்நூத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு தெர்மாமீட்டர், அதோட டிஸ்ப்ளே என் கண்ணெதிர்ல. 28 தாண்டினா நிறுத்திடுவேன். வெயில் மாசத்துல விடிகாலை நாலுக்குக் கிளம்பி பத்து மணிக்குள்ள போய்ச் சேர்ற தூரம்தான். டிரெய்லர் கனவு போயிடுச்சு. போர்டு ஒண்ணைக் குறைச்சேன், போற இடத்துல வாடகைக்கு எடுத்துக்கிறேன்.

இழுக்கிற வண்டி யாருக்கு வேணும்? உண்மையிலேயே போட்டோ குதிரையோ வச்சிருக்கிறவங்களுக்கு. நமக்கெல்லாம் டிரெய்லர் தேவைப்படுதுன்னா, பாதி நேரம் சாமான் அதிகமா இருக்குன்னுதான் அர்த்தம். இதை எனக்கே சொல்லிக்கிறேன்.

அப்புறம் ஒண்ணு. பெரிய வண்டி வாங்க இன்னும் ரெண்டு வருஷம் காசு சேர்க்கலாம்னு நான் சொன்னப்ப அப்பாதான் கேட்டார், "ரெண்டு வருஷம் கழிச்சு ராணிக்கு என்ன வயசுடா?" இப்ப அவளுக்குப் பத்து. லாப்ரடாருக்குப் பத்து, பன்னிரண்டுன்னுதான் சொல்வாங்க. வண்டியை எப்ப வேணா மாத்திக்கலாம்.

ஜனவரியில, நல்ல குளிர்ல, ஏற்காடு போயிட்டோம். வழியில சின்னசேலத்துல அதே டீக்கடையில நிறுத்தினோம். ராணி பலகையில மெதுவா இறங்கி வந்தா. அந்த அண்ணனுக்கு எங்களை ஞாபகம் இல்ல, அவளைத்தான் ஞாபகம். "அந்த நாயா இது?"ன்னு கேட்டுட்டு ஒரு பன் கொடுத்தார். டீக்குக் காசு வாங்கல.

நாயோட மலைக்குப் போறவங்க இதையும் கேட்டுக்கங்க: வால்பாறை பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு, ராத்திரி நாயை வெளிய கட்டாதீங்க. கழுவேலி 2021-ல இருந்து பறவைகள் சரணாலயம், அங்க நாயை அவிழ்த்து விடாதீங்க.

உங்க நாய் எத்தனை கிலோ, உங்க டிக்கி வாசல் எத்தனை சென்டிமீட்டர், ரெண்டையும் அளந்து எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதை வச்சுப் பேசலாம். இப்ப குட்டனை வெளிய கூட்டிட்டுப் போகணும், கதவைப் பிறாண்டுறான். வரட்டா.